சுவரில் தொங்கும் படமும் களத்தில் நிற்கும் ஆளும்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். கால்பந்து பற்றியது என்றாலும் பாதி வாத்தியார் வேலையைப் பற்றித்தான் இருக்கும். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

எங்கள் ராமேஸ்வரம் கரைப் பக்கம் இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். எங்கே போனாலும் பெயின்ட் வாசனை அடிக்கும். பள்ளிக்கூடமும் லீவு. பையன்களும் சும்மா இருப்பார்கள், அப்பாக்களும் சும்மா இருப்பார்கள். எங்கள் ஊர்க் கால்பந்துக்கு இதுதான் சீசன். சவுக்குக் கம்பில் கோல் போஸ்ட், மணல் தரை, சுண்ணாம்புக் கோடு. சுற்றிலும் கருவை மரம். பந்து அதற்குள் போனால் முள் குத்தாமல் திரும்பாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கால்பந்துக் கழகத்தின் கூட்டம். கூட்டம் என்றால், வலைக் கொட்டகையில் பதினைந்து பேர் உட்கார்ந்து டீ குடிப்பது. இந்த முறை பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இனி கோச் யார்?

ஒன்பது வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் எங்கள் அணியின் பழைய இரண்டாவது கீப்பர். ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. விடிந்ததும் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். மாவட்ட அணிக்கு ஆடியவர் இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் அணிக்கே முழு ஆட்டம் ஆடியது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இன்னொருவர், எங்கள் ஊர் கண்ட மிகச் சிறந்த ஃபார்வேர்டுகளில் ஒருவர், என் மாணவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்துச் சென்னையில் ஒரு துறை அணிக்குப் பதினான்கு வருடம் ஆடினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இப்போது ஊரோடு வந்துவிட்டார். அவரைத் தம்பி என்றே எழுதுகிறேன். கழக அறையின் சுவரில் அவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் இன்றும் தொங்குகிறது.

இளவட்டங்கள் அத்தனை பேரும் தம்பி பக்கம். "நம்ம ஊர் ஸ்டார் ஊர்லயே இருக்கும்போது வேற யாரு சார்?" என்று கேட்டார்கள். கீப்பர் ஒன்றும் பேசவில்லை, டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியில் பழைய தலைவர் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அன்று ராத்திரி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். விசைப்படகு டிரைவர், நாற்பது வயதைத் தாண்டியவர். அவர் மகன் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான், அப்பாவைப் போலவே இடதுகால்காரன். வாசல் படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், தம்பி நல்லவர்தான். ஆனா ஸ்டார் கோச்சா வந்தா என் மகனை அனுப்புவேனான்னு தெரியல. எனக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

ஞாபகம் இருக்கிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

1999. அப்போது எங்கள் அணிக்கு வேறொரு நட்சத்திரம் கோச்சாக வந்தார். ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். (அண்ணனிடம் போனில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை வாங்கி, ஒரே திருப்பில் பேக்கை ஏமாற்றிவிட்டுப் போவார். அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வருவார்கள். அவரைக் கோச்சாகப் போட வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

அண்ணன் பையன்களுக்கு அந்தத் திருப்பைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பதைவிடச் செய்து காட்டினார் என்பதே சரி. "பந்து வரும், திரும்பணும், அவ்வளவுதான்." பத்துத் தடவை செய்து காட்டினார், பத்துத் தடவையும் அழகாக இருந்தது. பையன்களுக்கு வரவில்லை. மணலில் பந்து செத்துப் போகும், கால் புதையும், உடம்பு திரும்பும் முன் பேக் வந்து நிற்பான். எந்த இடத்தில் தவறுகிறது என்று அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அது ஒரு நாளும் தவறியதில்லை.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன், இடதுகால்காரன், ராத்திரி அப்பாவோடு வல்லத்தில் போய்விட்டுக் காலையில் தூக்கக் கண்ணோடு பயிற்சிக்கு வருவான். ஒரு நாள் அவனுக்கு ஆறேழு தடவை தவறியது. அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்: "இதுகூட வரலைன்னா நீ எதுக்குடா இங்க வர்ற? போய் உங்க அப்பாகூட வலை இழு." மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அவன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் போகவில்லை. போய்க் கூப்பிட்டால் அண்ணன் மேல் குறை சொன்னதாகிவிடும், அண்ணனைக் கொண்டுவந்தவன் நான். இரண்டு நாளில் தானாக வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன்தான் போன ஞாயிறு ராத்திரி என் வாசல் படியில் உட்கார்ந்திருந்த டிரைவர்.

அண்ணன் இரண்டு சீசன் இருந்தார். 22 பேரோடு தொடங்கிய பயிற்சியில் கடைசியில் 9 பேர் மிச்சம். கோப்பை எதுவும் இல்லை. ஒரு நாள் அவரே என்னிடம் வந்து, "எனக்கு ஆடத் தெரியும் சார், சொல்லத் தெரியல. ஊர்ல இருந்த பேரும் போகுது, விட்டுடறேன்" என்றார். அவரும் பாவம். தெரியாத வேலையை நாங்கள் மாலை மரியாதையோடு அவர் தலையில் கட்டினோம்.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது என்ன தெரியுமா? இந்தப் பாடத்தை அதற்குப் பதினான்கு வருடம் முன்பே நான் என் வேலையில் படித்திருந்தேன்.

1985-இல் கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தேன், நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே முதல் மதிப்பெண் எடுத்தவர்கள் பலகையில் என் பெயர் இருந்தது. பையன்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் கரும்பலகையில் விறுவிறுவென்று கணக்கைப் போட்டுவிட்டு, "இது ரொம்ப ஈசி, புரிஞ்சதா?" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். பலகையில் பெயர் உள்ள சார் ஈசி என்று சொல்லும்போது எவன் எழுந்து "எனக்குப் புரியல" என்பான்? அரையாண்டுத் தேர்வில் 43 பேரில் 17 பேர்தான் பாஸ்.

பக்கத்து வகுப்பு சார் பள்ளி நாட்களில் கணக்கில் ஒரு முறை ஃபெயிலானவர். அதை அவரே பையன்களிடம் சொல்வார். அவர் வகுப்பில் அத்தனை பேரும் கணக்குப் போட்டார்கள். அவர் என்னிடம் சொன்னது: "தம்பி, நீங்க விழுந்த இடமே கிடையாது. அதனால பையன் எங்க விழுறான்னு உங்களுக்குத் தெரியல." வெட்கத்தை விட்டு ஒரு மாதம் என் ஓய்வுப் பீரியடில் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கழித்தல் குறி என்றால் பையன்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று அங்கேதான் பார்த்தேன். கடல் ஏறுவது கூட்டல், வற்றுவது கழித்தல் என்று அவர் சொன்னதும் கரையோரப் பையன்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நான் வாத்தியார் ஆனேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே 1999-இல் அண்ணனுக்குக் கை தூக்கினேன். நட்சத்திர வெளிச்சம் அப்படி. எங்கள் ஊர் மட்டும் அல்ல, பெரிய பெரிய கழகங்களும் இதில்தான் வழுக்கி விழுகின்றன.

இத்தாலியின் யுவென்டஸைப் பாருங்கள். தொடர்ந்து ஒன்பது வருடம் லீக் சாம்பியன். அங்கே ஆடிய பிர்லோ, உலகமே கொண்டாடிய நடுக்கள வீரர். 2020 ஜூலை 30 அன்று அவரை 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளர் என்று அறிவித்தார்கள். ஒன்பதே நாளில், ஒரு ஆட்டத்துக்குக்கூடப் பயிற்சியாளராக நின்றிராத அவரை முதல் அணிக்கே தூக்கிவிட்டார்கள். அந்த சீசனில் இத்தாலியக் கோப்பை வந்தது. லீக்கில் நான்காம் இடம், ஒன்பது வருடத் தொடர் அறுந்தது. சீசன் முடிந்ததும் பிர்லோவை அனுப்பிவிட்டார்கள்.

செல்சியில் லாம்பார்டு, அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். வேறொரு கழகத்தில் ஒரே வருடம் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2019-இல் செல்சிக்கு வந்தார். முதல் வருடம் நன்றாகவே போனது. 2021 ஜனவரியில் நீக்கினார்கள். அவருக்குப் பிறகு வந்த தாமஸ் துக்கல், செல்சிக்கு ஒரு நாளும் ஆடாதவர், பெரிய ஆட்டக்காரர் என்ற பெயரும் இல்லாதவர், நான்கே மாதத்தில் அதே அணியை வைத்துச் சாம்பியன்ஸ் லீக் வென்றார். 2023-இல் இடைக்காலமாக லாம்பார்டை மறுபடியும் கூப்பிட்டார்கள். 11 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. பழைய பாசத்துக்குப் போட்ட மாலை அது. அதே லாம்பார்டு 2024 நவம்பரில் கவன்ட்ரி என்ற, தான் ஆடாத ஒரு கழகத்துக்குப் போனார். 17-ஆம் இடத்தில் இருந்த அணி சீசன் முடியும்போது 5-ஆம் இடம். அடி வாங்கிய மனிதர், தன் படம் தொங்காத சுவருக்குக் கீழே நின்று வேலை பார்த்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நட்சத்திரங்களே வேண்டாமா? அதுவும் தப்பு.

பார்சலோனாவில் குவார்டியோலா இருக்கிறார். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கேப்டனாக ஆடியவர். ஆனால் நேரே முதல் அணிக்கு வரவில்லை. 2007-இல் இரண்டாம் அணியை எடுத்தார். அது அப்போது ஸ்பெயினின் நான்காம் நிலை லீக்கில் கிடந்தது. அதை மேலே கொண்டுவந்த பிறகுதான் 2008-இல் முதல் அணி. வந்ததும் ரொனால்டினோவையும் டெக்கோவையும் தன் திட்டத்தில் இல்லை என்று சொல்லும் தைரியம் இருந்தது. நான்கு வருடத்தில் 14 கோப்பைகள். ஜிதானும் அப்படித்தான். ரியல் மாட்ரிட்டில் அன்சலோட்டிக்குத் துணையாக ஒரு வருடம், பிறகு இரண்டாம் அணியோடு ஒன்றரை வருடம். அதற்குப் பிறகே பெரிய நாற்காலி. 2016, 2017, 2018 மூன்று வருடமும் சாம்பியன்ஸ் லீக்.

நம் நாட்டிலேயே இருக்கிறது. கொல்கத்தாவின் சுபாஷ் பௌமிக். 1970-களில் ஈஸ்ட் பெங்காலின் நட்சத்திர முன்கள வீரர். 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். அவர் பயிற்சியாளராக ஈஸ்ட் பெங்காலை 2003-இல் ஜகார்த்தாவுக்கு ஆசியான் கிளப் போட்டிக்குக் கூட்டிப்போனார். நான் ஆடியதுபோல் ஆடுங்கள் என்று விட்டுவிடவில்லை. உடற்தகுதிக்கென்று தனி ஆள் வைத்து, முகாம் போட்டுத் தயார் செய்தார். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சசானாவிடம் 0-1 தோல்வி. இறுதிப் போட்டியில் அதே அணி மறுபடி எதிரில் வந்தது. 3-1 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள். தோற்ற அணியையே இரண்டு வாரத்துக்குள் வெல்வதற்கு, முதல் தோல்வியில் எங்கே விழுந்தோம் என்று பார்க்கும் கண் வேண்டும். ஆடிய நாட்களுக்கும் அந்தக் கோப்பைக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

நம் தமிழ்நாட்டு ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அவர் அடித்ததுதான் இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அவர் பயிற்சியாளராக இருந்தபோதுதான் 1973-இல் கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்தார்கள். கேப்டன் மணி ஹாட்ரிக். கேரளாவில் இன்றும் அந்த அணியைப் பற்றிப் பேசுவார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சென்னையின் சபீர் பாஷாவும் இந்த வரிசைதான். இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய ஃபார்வேர்டு. பிறகு அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளர். சென்னையின் எஃப்.சி.யில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் துணைப் பயிற்சியாளராகப் பக்கத்தில் நின்றார், இளையோர் அணியையும் பார்த்தார். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் விலகியபோது மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பெடுத்தார். இந்தியாவுக்கு ஆடிய மனிதர் இரண்டாவது ஆளாக நிற்கச் சம்மதிப்பது சின்ன விஷயம் இல்லை.

நட்சத்திரம் இல்லாதவர்கள் கதையும் உண்டு. வாத்தியார்கள் நாம் பெருமைப்பட வேண்டியவர் ஐதராபாத் ரஹீம் சாகிப். பள்ளிக்கூட ஆசிரியர். கால்பந்து ஆடியவர்தான், ஆனால் ஆட்டத்தால் பேர் வாங்கியவர் இல்லை. அவர் பயிற்சியில்தான் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அடுத்த வருடமே புற்றுநோயால் போய்விட்டார். 2024-இல் வந்த 'மைதான்' படம் அவர் கதைதான். இத்தாலியின் அரிகோ சாக்கி செருப்பு விற்றுக்கொண்டிருந்தவர். ஏ.சி. மிலானை இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார். குதிரை ஓட்டுகிறவன் முன்பு குதிரையாக இருந்திருக்கத் தேவையில்லை என்ற பொருளில் அவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் இந்த ஒரு வாரம் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். எனக்குத் தட்டுப்பட்டது இதுதான். நட்சத்திரமா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்தப் பதவியை நாம் அவருக்கு மாலையாகப் போடுகிறோமா, வேலையாகக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

மாலையாகப் போட்டால் மூன்று பேர் கெடுவார்கள். முதலில் அந்த ஆள். வெளியூரில் தோற்றால் வேலை போகும், சொந்த ஊரில் தோற்றால் ஊரே வைத்திருந்த நல்ல பெயர் போகும். இரண்டாவது பையன்கள். சுவரில் படம் தொங்குகிறவரிடம் "எனக்கு வரலை அண்ணே" என்று எவன் சொல்வான்? மூன்றாவது கழகம். தோற்றால் யார் போய் அவரிடம் கணக்குக் கேட்பது? நாங்கள் 1999-இல் கேட்கவில்லை. 13 பையன்கள் போன பிறகும் கேட்கவில்லை.

வேலையாகக் கொடுத்தால் நட்சத்திரத்தைவிட உசத்தி யாரும் இல்லை. பையன்கள் அவரைத் தேடி ஓடி வருவார்கள். ஃபைனலில் கால் நடுங்கும்போது என்ன செய்வது என்று அவருக்குத்தான் தெரியும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன் எப்போது, எந்தத் துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டால் அவருக்குத் தகவல் வரும். எங்கள் கீப்பருக்கு அது வராது.

கீப்பரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். போன வருடம் ஃபைனலில் கடைசிப் பத்து நிமிடம் எங்கள் பையன்கள் களைத்துப்போனார்கள். ஆளை மாற்றியிருக்க வேண்டும். பெஞ்சில் ஆள் இருந்தும் அவர் தயங்கினார், தோற்றோம். குரல் உயராது அவருக்கு. ஆனால் அண்ணனின் அந்தத் திருப்பு இருக்கிறதே, அதை இன்று பத்துப் பன்னிரண்டு பையன்கள் செய்கிறார்கள். கீப்பர் சொல்லிக்கொடுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து வருடக்கணக்கில் அண்ணனைப் பார்த்திருக்கிறார். "பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால பாரு. பேக் எந்தப் பக்கம் நிக்கிறான்னு தெரிஞ்சுக்க. ஊன்றுற காலை மணல்ல அழுத்தாத, புதைஞ்சுரும். முழங்காலை லேசா மடக்கு. இப்ப திரும்பு." நான்கு துண்டாக உடைத்துவிட்டார். ஒரு பையனுக்குத் தவறினால், எந்தத் துண்டில் தவறியது என்று அவருக்குத் தெரியும். அண்ணன் செய்ததை அண்ணனால் சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவரால் சொல்ல முடிந்தது.

நேற்று மறுபடி கூட்டம். என் கருத்தைச் சொன்னேன். கீப்பரே இன்னும் ஒரு வருடம் தலைமைக் கோச்சாக இருக்கட்டும். தம்பி பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியை எடுக்கட்டும், பெரிய அணியின் ஆட்டங்களில் கீப்பருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். யாரை மாற்றுவது என்று தயங்கும்போது தம்பி சொல்லட்டும். அடுத்த தடைக்காலத்தில் கணக்குப் பார்ப்போம். கோப்பையை மட்டும் பார்க்காமல் எத்தனை பையன்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். கணக்கு இரண்டு பேருக்கும்தான்.

கொட்டகையில் சத்தம் வந்தது. "ஸ்டாரைப் போய்ச் சின்னப் பசங்களுக்கா சார்?" என்று ஒருவன் எழுந்தே விட்டான். குவார்டியோலா நான்காம் நிலை லீக்கில் தொடங்கிய கதையைச் சொன்னேன். "அது பார்சலோனா சார், இது நம்ம ஊரு" என்றான். நம்ம ஊர் அதைவிடப் பெரிசா என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் இறுக்கம் குறைந்தது.

பிறகு 1999 கதையைச் சொன்னேன். தீர்மானத்தை முன்மொழிந்தது நான், பையன் நின்றுபோனபோது இரண்டு தெரு நடக்காதது நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். டிரைவர் கடைசியில் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "உன்கிட்ட அன்னைக்கே வந்திருக்கணும்ப்பா. தப்பு என்னோடது" என்றேன். அவர், "விடுங்க சார், பழசு" என்றார். பழசு இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. என் மாணவன், எனக்கு அந்த முகம் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒருவேளை வேண்டாம் என்றும் சொல்லலாம். ஊரில் பாதிப் பேர் இப்போது என் மேல் கோபமாக இருக்கிறார்கள்.

இன்று காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்கு அந்தப் பக்கம் போனேன். கீப்பர் சின்னப் பையன்களுக்கு அதே திருப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவரின் மகனுக்கு இரண்டு தடவை தவறியது. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கருவை மரத்தடியில் தம்பி உட்கார்ந்திருந்தார், கையில் டீ. மூன்றாவது தடவையும் பையனுக்குத் தவறியபோது தம்பி எழுந்தார். மைதானத்துக்குள் போகவில்லை. கீப்பர் பக்கம் போய், மெதுவாக ஏதோ கேட்டார். கீப்பர் தன் ஊன்றுகாலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். தம்பி அங்கேயே நின்று தன் காலை மணலில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிற்கவில்லை, நடையைத் தொடர்ந்தேன். வாத்தியார் பார்க்கிறார் என்று தெரிந்தால் எந்த மாணவனுக்கும் கூச்சம் வரும், அவனுக்கு முப்பத்தெட்டு வயதானாலும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நட்சத்திரமும் ஒரு இரண்டாவது கீப்பரும் இருப்பார்கள். நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். நான் சொன்னது தப்பு என்றாலும் எழுதுங்கள், திருத்திக்கொள்ளும் வயதில்தான் இருக்கிறேன்.

அன்புடன், உங்கள் கணக்கு சார்.